பெட்டியில் இருந்தது முதல், முதலாளித்துவம் வேறு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இரண்டு வாரமாக வாசகர் கடிதப் பகுதியில் ஒரு வழக்கு நடக்கிறது. முதலில் ஒருவர், முதலாளித்துவம் தமிழன் கண்டுபிடித்தது என்றும், ஐந்நூற்றுவர் என்ற பழைய வணிகக் குழுவும் நகரத்தார் எனும் செட்டியார்களும் வெள்ளைக்காரனுக்கு முன்பே அதைச் செய்து காட்டிவிட்டார்கள் என்றும் எழுதினார். அடுத்த வாரம் இன்னொருவர், அதெல்லாம் வெறும் பெருமைப் பேச்சு, ஜேம்ஸ் வாட்டின் நீராவி இயந்திரம் ஓடத் தொடங்கிய அன்றுதான் முதலாளித்துவம் பிறந்தது என்று மறுத்திருந்தார். இருவருமே நன்றாக எழுதுகிறார்கள். இருவர் சொல்வதும் எனக்குச் சரியாகப் படவில்லை.

பேச எனக்கு என்ன தகுதி என்று கேட்கலாம். பட்டம் எதுவும் இல்லை. சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்திரீட் கிட்டங்கி ஒன்றில் சமையல்காரராக இருந்தவரின் மகன் நான். 1958இல், எட்டு வயதில், அம்மாவோடு காரைக்குடிப் பக்கத்திலிருந்து கப்பலில் வந்து இறங்கினேன். 1969இல் தஞ்சோங் பகார் துறைமுகத்தில் டாலி கிளார்க்காகச் சேர்ந்து 31 ஆண்டுகள் சரக்கு எண்ணினேன். ஆக, பணத்தைச் சமையல்கட்டிலிருந்து பார்த்தவன், சரக்கைக் கப்பல் அடியிலிருந்து பார்த்தவன். ஓய்வுபெற்ற பிறகு தோ பாயோ நூலகத்தில் குளிர்சாதனத்துக்காகப் போய் உட்கார ஆரம்பித்து, அப்புறம் படிக்கவும் ஆரம்பித்துவிட்டேன்.

முதலில் கிட்டங்கியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இன்றைய பிள்ளைகளுக்கு அந்தச் சொல்லே தெரியாது.

நீளமான கடைவீடு. உள்ளே நுழைந்தால் இரண்டு சுவரோரமும் வரிசையாகத் தாழ்ந்த மரப்பெட்டிகள். பெட்டிக்குப் பின்னால் ஒரு பாய், பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்த ஒரு செட்டியார், பக்கத்தில் பேரேடு. ஒரு பெட்டி என்றால் ஒரு வட்டிக்கடை. ஒரே கூரைக்குக் கீழ் பத்துப் பதினைந்து கடைகள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு விலாசம் உண்டு. அது தெரு முகவரி அல்ல. பாட்டனார், தகப்பனார் பெயர்களின் முதல் எழுத்துகளைக் கோத்த அடையாளம். பெட்டியின் சொந்தக்காரர் பெரும்பாலும் செட்டிநாட்டில் இருப்பார். இங்கே இருப்பவர் மேலாள். அவருக்குக் கீழே அடுத்தாள், கடைசியில் பெட்டியடிப் பையன். மூன்று ஆண்டு ஒரு கணக்கு. கணக்கை முடித்து ஊருக்குப் போய், பெண்டாட்டி பிள்ளைகளைப் பார்த்துவிட்டு, அடுத்த கணக்குக்குத் திரும்புவார்கள். பகலில் உட்கார்ந்த இடத்திலேயே இரவில் படுத்துக்கொள்வார்கள். கோடீஸ்வரருடைய பிரதிநிதி தலைக்கு வைத்துக்கொள்ளும் தலையணை என் தலையணையைவிட மோசமாக இருக்கும்.

பள்ளிவிட்டதும் நான் பின்பக்கம் சமையல்கட்டுக்குப் போய்விடுவேன். அங்கே உட்கார்ந்தால் முன்கட்டில் பேசுவது முழுக்கக் கேட்கும். நடப்பு வட்டி என்ன, தவணை எப்போது, யாருடைய உண்டியல் (பணம் கொடுக்கச் சொல்லும் சீட்டு) வந்தது, எந்தச் சீனக் கடைக்காரர் இரண்டு மாதமாக முகம் காட்டவில்லை. பேரேட்டின் முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி. கோயிலுக்கு மகமை எடுத்து வைக்காமல் எந்தக் கணக்கும் முடியாது. தேங்க் ரோடு முருகன் கோயில் 1859இல் எழுந்தது இந்தப் பெட்டிகளின் காசில்தான். ஆண்டு முடிவில் ஐந்தொகை, அதாவது இருப்பையும் கடனையும் நேர்பார்க்கும் கணக்கு, போடும் நாளில் மட்டும் அப்பா என்னை வாய் திறக்க விடமாட்டார். ஒரு சென்ட் இடித்தாலும் இரவு முழுக்க விளக்கு எரியும்.

இதைப் பார்த்து வளர்ந்தவன் தமிழனுக்கு முதல் தெரியாது என்று சொல்ல முடியுமா? முதல் வாசகர் சொன்னதில் பாதி சரி. வள்ளுவரே 'முதலிலார்க்கு ஊதியமில்லை' என்று எழுதியிருக்கிறார். ஐரோப்பியர் 'கேப்பிட்டல்' என்று சொல்வது தலையைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்ததாம். நம் 'முதல்' என்ற சொல்லுக்கு வேர், அடி என்றும் பொருள் உண்டு. அவர்கள் தலையை எண்ணினார்கள், நாம் வேரைப் பார்த்தோம் என்று பேரனிடம் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை.

ஐந்நூற்றுவர் கதையும் உண்மைதான். 1088இல் சுமத்ராவின் மேற்குக் கரையில், பாருஸ் அருகே, அவர்கள் தமிழில் கல்வெட்டு வைத்திருக்கிறார்கள். கப்பலில் வருபவர்கள் பொன்னாகக் கட்டணம் செலுத்தவேண்டும் என்பது அதன் சாரம். சீனாவில் சுவான்சோவில் 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. சிங்கப்பூரில் ஆங்கிலேயர் துறைமுகத்தைத் தொடங்கிய ராஃபிள்ஸுக்கு எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே இந்தக் கடலில் தமிழ் வணிகரின் கடனும் பற்றும் வரவும் நடந்திருக்கின்றன.

ஆனால் நான் கேட்கும் கேள்வி இதுதான். ஐந்நூற்றுவரின் கப்பல் ஒன்று மூழ்கிப்போனால் தஞ்சாவூர்க்காரன் பட்டினி கிடந்தானா? இல்லை. வணிகருக்கு நட்டம், அவருக்குக் கடன் கொடுத்தவருக்கு நட்டம், அவ்வளவுதான். ஊர் நெல் ஊரில் விளைந்தது, ஊரில் பங்கு பிரிந்தது. அது ஒன்றும் சொர்க்கம் இல்லை. பண்ணையாள் நிலத்தோடு கட்டுண்டு கிடந்தான். அடியும் சாதியும் அவன் பங்கைத் தீர்மானித்தன. ஆனாலும் அவனைக் கசக்கியது சந்தை இல்லை. சந்தை ஊருக்கு வெளியே, துறைமுகத்தில், திருவிழாவில் இருந்தது. பிழைப்பு அதற்குள்ளே போகவில்லை.

இத்தாலிக்காரர்களும் இதே கதைதான். 1397இல் மெடிச்சி வங்கி, 1407இல் ஜெனோவாவில் புனித ஜார்ஜ் வங்கி. பற்று, வரவு இரண்டு பக்கமும் எழுதும் முறையை 1494இல் வெனிஸில் அச்சுப் புத்தகமாகவே போட்டுவிட்டார்கள். அதற்கெல்லாம் முன்பே ஃபுளோரன்ஸின் பெரிய வங்கிக் குடும்பங்கள் இங்கிலாந்து மன்னன் மூன்றாம் எட்வர்டுக்கு யுத்தச் செலவுக்குக் கடன் கொடுத்து, அது திரும்பாமல் 1340களில் திவாலானார்கள். கிட்டங்கியில் யாராவது கேட்டிருந்தால் ராஜாவுக்கும் போலீஸ்காரனுக்கும் கடன் கொடுக்காதே என்று அடுத்தாளே சொல்லியிருப்பார். வணிகர்கள் எல்லா ஊரிலும் கெட்டிக்காரர்கள். கெட்டிக்காரத்தனம் மட்டும் போதுமென்றால் முதலாளித்துவம் பத்து ஊரில் பத்து முறை பிறந்திருக்கும்.

அது எங்கே திரும்பியது? நான் படித்தவரை, வங்கியில் இல்லை, ஆலையிலும் இல்லை. வயலில். இங்கிலாந்தின் கிராமப்புறத்தில்.

நம் ஊரில் புறம்போக்கு என்று சொல்கிறோம் அல்லவா, மாடு மேய்க்கலாம், சுள்ளி பொறுக்கலாம், யாரும் கேட்கமாட்டார்கள். அதுபோல அங்கும் ஊர்ப் பொதுநிலம் இருந்தது. கம்பளி விலை ஏறியபோது நிலக்கிழார்கள் ஆடு மேய்க்க அதை வேலி போட்டு அடைத்தார்கள். குத்தகையும் மாறியது. பழைய வழக்கப்படி நிலையான குத்தகைத் தொகை என்பது போய், யார் அதிகம் தருகிறானோ அவனுக்கு நிலம் என்றானது. குத்தகை எடுத்தவன் சும்மா இருக்க முடியாது. பக்கத்து வயல்காரனைவிட அதிகமாக விளைவித்தால்தான் அடுத்த முறை நிலம் கையில் நிற்கும். நிலம் போனவன் கூலிக்குப் போனான். இதில் பேராசைக்காரன் யார், நல்லவன் யார் என்ற கேள்விக்கே இடமில்லை. ஓடாவிட்டால் விழுந்துவிடுவாய்.

அப்புறம் நாடாளுமன்றமே வேலி போட்டது. 1604க்கும் 1914க்கும் இடையில் 5,200க்கும் மேற்பட்ட வேலியடைப்புச் சட்டங்கள். 68 லட்சம் ஏக்கர். இங்கிலாந்தின் நிலப்பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்று மேல். நிலம் போய் ஊர் ஊராக அலைந்தவனை என்ன செய்தார்கள் தெரியுமா? 1547ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, வேலை செய்யாமல் திரிபவனுக்கு நெஞ்சில் சூடு போட்டு இரண்டு ஆண்டு அடிமையாக ஒப்படைக்கலாம் என்றது. கொடுமை தாங்காமல் அதைச் சில ஆண்டுகளில் நீக்கிவிட்டார்கள். ஆனால் நோக்கம் புரிகிறதல்லவா? சந்தை தானாக முளைத்தது என்று சொல்பவர்களுக்கு இந்தச் சூட்டுக்கோலை நான் காட்டுவேன்.

இப்போது நீராவி வாசகருக்கு வருகிறேன். வாட் தன் இயந்திரத்துக்கு உரிமம் வாங்கியது 1769. ஆர்க்ரைட் குரோம்ஃபோர்டில் நூற்பாலை கட்டியது 1771. அந்த ஆலை நீராவியில் ஓடவில்லை, ஆற்றுத் தண்ணீரில் ஓடியது! ஆலைக்கு முதலில் தேவைப்பட்டது மணியடித்தால் வந்து நிற்கும் ஆட்கள். வேறு போக்கிடம் இல்லாதவர்கள். அவர்கள் தயாராக இருந்ததால்தான் இயந்திரத்துக்கு வேலை கிடைத்தது. சோற்றுக்கு நிலம் இருப்பவன் விடியற்காலை மணிக்கு எதற்கு ஓடிவரப் போகிறான்?

ஆலையில் நூற்ற பருத்திக்கும் ஒரு கதை உண்டு. அதில் நம்மவர்கள் இருக்கிறார்கள். 1640இல் சென்னையில் கோட்டை கட்டிய கிழக்கிந்தியக் கம்பெனி தேடி வந்தது சோழமண்டலக் கரைத் துணியை. அந்தத் துணி லண்டனில் அப்படி விற்றது. உள்ளூர் நெசவாளர்கள் கலகம் செய்ய, 1700இல் அச்சிட்ட இந்தியத் துணியை இறக்குமதி செய்யத் தடை, 1721இல் பெரும்பாலான அச்சிட்ட பருத்தித் துணியை உடுத்தவே தடை. தடையின் நிழலில்தான் இங்கிலாந்தின் பருத்தி ஆலை வட்டாரமான லங்காஷயர் வளர்ந்தது. சுதந்திர வர்த்தகத்தைப் பிறகு கண்டுபிடித்தார்கள்.

நெசவாளர் கதையில் எனக்கு மறக்க முடியாத ஒன்று இருக்கிறது. தென்னிந்திய நெசவாளருக்கு வியாபாரி முன்பணம் கொடுப்பார். வேறு வியாபாரி நல்ல விலை சொன்னால் வாங்கிய முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அவர் பக்கம் போகலாம். அப்படி ஒரு வழக்கம் இருந்தது. கம்பெனியின் கைக்கு ஆட்சி வந்த பிறகு, அதிகாரத்தை வைத்து அந்தக் கதவைச் சாத்தியது. நெசவாளர் அதே தறியில், அதே வீட்டில்தான் இருந்தார். ஆனால் போக்கிடம் போய்விட்டது.

கப்பல்காரர்களை நான் விட்டுவிடவில்லை. கிழக்கிந்தியக் கம்பெனி 1600, டச்சுக் கம்பெனி 1602. டச்சுக்காரர்கள் செய்தது பெரிய காரியம். யார் வேண்டுமானாலும் பங்கு வாங்கலாம், வேண்டாமென்றால் ஆம்ஸ்டர்டாமில் இன்னொருவருக்கு விற்றுவிட்டுப் போகலாம், கம்பெனியின் முதல் மட்டும் கம்பெனியிலேயே இருக்கும். நம் செட்டியார் பெட்டியில் கூட்டாளி செத்தால் பெட்டியே பிரியும். இங்கே மனிதர்கள் மாறுவார்கள், முதல் சாகாது. அந்த முதல் என்ன செய்தது என்று பார்க்க வெகுதூரம் போகவேண்டாம், நமக்குத் தென்கிழக்கே பண்டா தீவுகள் போதும். 1621இல் சாதிக்காய்க்காக அந்தத் தீவுகளைப் பிடித்து, மக்களில் பெரும்பகுதியினரைக் கொன்றும் பட்டினி போட்டும் அடிமைகளாக நாடுகடத்தியும் காலி செய்தார்கள். பிறகு அங்கே அடிமைகளை வைத்துத் தோட்டம் போட்டார்கள்.

அட்லாண்டிக்கில் சுமார் ஒன்றே கால் கோடி ஆப்பிரிக்கர்கள் கப்பலேற்றப்பட்டார்கள். லங்காஷயர் ஆலைகளின் பஞ்சு பெரும்பாலும் அவர்கள் வம்சத்தின் கையால் பறித்தது. பிரிட்டன் 1833இல் அடிமை முறையை ஒழிக்கச் சட்டம் போட்டபோது 2 கோடி பவுண்டு இழப்பீடு கொடுத்தது. அடிமைகளுக்கு என்று நினைத்துவிடாதீர்கள். எசமான்களுக்கு. அடுத்த ஆண்டே மொரீஷியஸ் கரும்புத் தோட்டங்களுக்கு இந்திய ஒப்பந்தக் கூலிகளின் கப்பல் போய்விட்டது. நம் கதை அங்கிருந்து இங்கே தொடர்கிறது. 1877இல் சிங்கப்பூருக்கு 22 ரப்பர் கன்றுகள் வந்தன. 1888இல் தாவரத் தோட்டத்துக்குப் பொறுப்பேற்ற ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் பால் எடுக்கும் வெட்டைக் கண்டுபிடித்தார். மரம் ரெடி, நிலமும் மலாயாத் தீபகற்பத்தில் ரெடி. ஆள்? ஊரில் பஞ்சமும் கடனும் துரத்தியவர்களை, தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கங்காணி கூட்டிவந்தார். மலாயாவுக்கு ஒப்பந்தக் கூலி முறை 1910இல் நின்றது, கங்காணி முறை அதற்குப் பிறகும் ஓடியது.

நகரத்தார் இதில் எங்கே நிற்கிறார்கள்? இதைச் சொல்லத்தான் பேனாவை எடுத்தேன்.

எங்கள் கிட்டங்கியில் ஒரு வயதான அடுத்தாள் இருந்தார். பெயர் வேண்டாம். சாப்பாட்டுப் பந்தியில் கடைசியாகத்தான் உட்காருவார். ஒரு பருக்கை வீணாக்கமாட்டார். அப்பாவிடம் காரணம் கேட்டேன். 1942இல் ஜப்பான்காரன் வந்தபோது பர்மாவிலிருந்து நடந்தே இந்தியா வந்து சேர்ந்தவர் என்றார். அதற்கு முன் அவர் ஒரு பெரிய விலாசத்துக்கு மேலாளாக இருந்தவராம். மேலாளாக இருந்தவர் எப்படி அடுத்தாள் ஆனார் என்று எனக்கு அன்று புரியவில்லை. புத்தகங்களைப் படித்த பிறகு கொஞ்சம் புரிந்தது.

கீழ் பர்மாவின் ஐராவதிச் சமவெளி காடும் சதுப்புமாகக் கிடந்த இடம். 1869இல் சூயஸ் கால்வாய் திறந்ததும் ஐரோப்பாவுக்கு அரிசி அனுப்புவது லாபமானது. 1876இல் ஆங்கில அரசு ஒரு நிலச் சட்டம் கொண்டுவந்தது. பன்னிரண்டு ஆண்டு தொடர்ந்து உழுது வரி கட்டினால் நிலம் உனக்குச் சொந்தம். சொந்தமானால் அடகு வைக்கலாம். நிலம் அன்றுதான் காகிதமாக மாறியது. பர்மிய உழவருக்குக் காடு வெட்டப் பணம் வேண்டும். ஐரோப்பிய வங்கி அவரை வாசலிலேயே நிறுத்திவிடும். செட்டியார் கொடுத்தார். அவர் கொடுத்ததில் ஒரு பகுதி அதே ஐரோப்பிய வங்கியில் அவர் வாங்கிய பணம். வங்கிக்குக் குறைந்த வட்டி, உழவரிடம் கூடுதல் வட்டி, நடுவில் இருப்பது இவர் ஆதாயம். வெள்ளைக்காரனுக்கு மண் கைபடாமல் வேலை முடிந்தது.

1930 வந்தது. உலகம் முழுக்க மந்தம், அரிசி விலை பாதாளத்துக்குப் போயிற்று. உழவரால் வட்டியே கட்ட முடியவில்லை, அப்புறம் எங்கே முதல்? அடகு நிலங்கள் செட்டியார்களிடம் வந்து விழுந்தன. கீழ் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930இல் அவர்கள் கையில் இருந்தது சுமார் 6 விழுக்காடு நிலம். 1930களின் இறுதிக்குள் சுமார் 25 விழுக்காடு. நாலில் ஒரு பங்கு!

செட்டியாருக்கு நிலம் வேண்டுமா? வேண்டாம். ஏர் பிடிக்கத் தெரியாது, அரிசி விலையும் இல்லை. அவருக்கு வேண்டியது அவர் பணம், அதுவும் குறித்த தவணையில். ஏனென்றால் மேலே வங்கி அவர் கழுத்தைப் பிடிக்கிறது. பர்மியக்காரர் கண்ணுக்கு லண்டனோ வங்கியோ தெரியவில்லை. தன் நிலத்தின் வரப்பில் குடை பிடித்து நின்ற செட்டியார்தான் தெரிந்தார். கோபம் முழுக்க அவர் மேல். பிறகு யுத்தம், நடைப்பயணம், 1948இல் சுதந்திர பர்மாவின் நில நாட்டுடைமைச் சட்டம். எல்லாம் போயிற்று. செட்டியார்களை நான் நியாயப்படுத்தவில்லை. வட்டி வாங்கியவர் வட்டி வாங்கியவர்தான். மலாயாவிலும் மலாய்க்காரர் நிலம் கைமாறாமலிருக்க 1913இல் ஒதுக்கீட்டுச் சட்டம் போடவேண்டி வந்ததில் அவர்களுக்கும் பங்கு உண்டு. ஆனால் யாருமே விரும்பாத ஒரு முடிவை எல்லோருமாகச் சேர்ந்து செய்து முடித்தார்களே, அதற்குத்தான் முதலாளித்துவம் என்று பெயர். முதல் வாசகர் பெருமைப்படும் பெட்டி அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி. பட்டறை வேறு யாருடையதோ.

சங்கிலியின் இன்னொரு முனையை நான் என் கண்ணாலேயே பார்த்தேன். துறைமுகத்தில் நான் சேர்ந்தபோது ஒரு கப்பலைக் காலி செய்ய நாட்கணக்கில் ஆகும். மூட்டை மூட்டையாக, கட்டுக் கட்டாக இறங்கும். ரப்பர், மிளகு, தகரம், டின் பால். ஒவ்வொரு தூக்குக்கும் நான் கோடு போடுவேன், நாலு கோட்டுக்குக் குறுக்கே ஒரு கோடு. 1972 ஜூனில் நிஹோன் என்ற கப்பல் தஞ்சோங் பகாருக்கு வந்தது. இங்கே வந்த முதல் கொள்கலன் கப்பல். வேடிக்கை பார்க்க ஒரு கூட்டமே நின்றது. அமெரிக்காவில் லாரி வைத்து ஓட்டிய மெக்லீன் என்பவர் 1956இல் தொடங்கிய யோசனை, பதினாறு ஆண்டில் எங்கள் வாசலுக்கு வந்துவிட்டது. இரும்புப் பெட்டிக்குள் என்ன இருக்கிறதென்று எனக்குத் தெரியவேண்டியதில்லை, எண் தெரிந்தால் போதும். பெட்டியடியில் வளர்ந்தவன் மறுபடி பெட்டி எண்ண வந்துவிட்டான் என்று அப்பா சொன்னார்.

என்னோடு மூட்டை தூக்கிய கோஷ்டிகள் கொஞ்சம் கொஞ்சமாகக் காணாமல் போயின. சிலர் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டக் கற்றார்கள். சிலர் பாதுகாவலர் வேலைக்குப் போனார்கள். யார் மேலும் கோபப்பட வழியில்லை. நாம் மாறாவிட்டால் கப்பல் வேறு துறைக்குப் போய்விடும் என்றார்கள், அது உண்மையும்கூட. இங்கிலாந்துக் குத்தகைக்காரனின் நிலைமையேதான். கிட்டங்கியில் அப்பா காலத்துப் பேரேட்டுக்கும் அதற்கு நூறு ஆண்டுக்கு முந்திய பேரேட்டுக்கும் பெரிய வித்தியாசம் இருந்திருக்காது. துறைமுகத்தில் பத்தாண்டுக்கு ஒருமுறை எல்லாமே புதிது.

இந்த மாதத் தொடக்கத்தில் பேரனை மார்க்கெட் ஸ்திரீட்டுக்குக் கூட்டிப்போனேன். கிட்டங்கிகள் 1970களில் மறுமேம்பாட்டுக்குப் போயின. அப்புறம் ஒரு கார் நிறுத்துமிடம் வந்து அதுவும் போய், இப்போது 280 மீட்டர் உயரத்தில் கேப்பிட்டாஸ்பிரிங் என்ற கட்டடம் நிற்கிறது. பெயரிலேயே கேப்பிட்டா! கீழே உணவங்காடி. சாப்பிட்டுக்கொண்டே, அப்பா ஒரு பெட்டியில் 600 வெள்ளி வட்டிக்குப் போட்டிருந்த கதையைச் சொன்னேன். கிட்டங்கியைக் காலி செய்யும் வாரம் மேலாள் அவரைக் கூப்பிட்டு, முதலும் வட்டியும் சென்ட் கணக்குப் பிசகாமல் எண்ணிக் கொடுத்தார். "அப்ப கொள்ளுத்தாத்தா கேப்பிட்டலிஸ்டா?" என்று கேட்டான் பேரன். நல்ல கேள்வி. தொடக்கக்கல்லூரியில் பொருளியல் படிக்கிறான்.

பணத்தை வேட்டி மடிப்பில் முடிந்துகொண்டு அப்பா வீட்டுக்கு வந்தார். அம்மாவிடம் கொடுத்தார். மறுநாள் காலையில் குளித்து, திருநீறு பூசி, சிராங்கூன் ரோட்டில் ஒவ்வொரு சாப்பாட்டுக் கடையாக ஏறி வேலை கேட்டார். அப்போது அவருக்கு வயது 61. நான்காவது கடையில் கிடைத்தது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற டாலி கிளார்க்,
தோ பாயோ.

பின்குறிப்பு: முதல் வாசகரின் கடிதத்தில் 'கிடங்கி' என்று அச்சாகியிருந்தது. கிட்டங்கி என்பதே மார்க்கெட் ஸ்திரீட் வழக்கு. திருத்திப் போட்டால் நல்லது.